வில்லுவண்டியும் ட்ரக்டர் பெட்டியும்

உறவினர் ஒருவரின் கருமாதிக்காக அண்மையில் மொனராகலைப் பக்கம் போயிருந்தேன். பிரதான வீதியிலிருந்து உள்ளே ஐந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஓர் இறப்பர் தோட்டம். காரியம் முடிந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. முச்சக்கரவண்டி எதுவும் அந்தச் சேற்றுப் பாதையில் ஏறி வர மறுத்துவிட்டது. கடைசியில், வந்திருந்த இருபது முப்பது பேரோடு நானும் ஒரு ட்ரக்டரின் பின்னால் கொளுவியிருந்த பெட்டியில் ஏறினேன். ஓரமாக, சில்லுக்கு மேலாக, பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே இருந்த ஒரு முதியவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"தம்பி, அச்சுக்கு மேல உக்காராதீங்க. முன்னால, மிசினுக்குக் கிட்ட வந்திருங்க. இடுப்பு தாங்காது."

சொன்னபடி நகர்ந்தேன். வித்தியாசம் அடுத்த பள்ளத்திலேயே தெரிந்தது. கொஞ்ச தூரம் போனபின் பாதையோரத்தில் குடையுடன் நடந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண்ணைக் கடந்தோம். ஏன் அவளையும் ஏற்றிக்கொள்ளவில்லை என்று கேட்டேன். "மாசமா இருக்கிறவங்க இதுல ஏறமாட்டாங்க தம்பி. நடந்தாத்தான் பிள்ள தங்கும்" என்றாள் அதே முதியவள். வண்டியிலிருந்த ஒருவரும் அதை ஒரு செய்தியாகக் கருதவில்லை. மழை பெய்கிறது என்பதைப் போன்ற ஒரு தகவல், அவ்வளவுதான்.

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்கு, ஒரு மூதாட்டி சொன்ன இரண்டு வசனங்களைத் துரத்திக்கொண்டு போகும் கெட்ட பழக்கம் விட்டுப்போவதில்லை. கொழும்பு திரும்பியதும் வண்டிகளின் பின்சில்லுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நான் கலைப் பட்டதாரி. பௌதிகவியலை சாதாரண தரத்தோடு கைகழுவியவன். ஆகவே பொறியியல் படித்த வாசகர்கள் எங்கேனும் சிரிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளவேண்டும். ஆனால் அந்த மூதாட்டி சொன்னது சுத்தமான பொறியியல் என்பதை மாத்திரம் உறுதியாகச் சொல்வேன். ஓர் அச்சு மட்டுமே கொண்ட பெட்டியின் முன்முனை ட்ரக்டரின் கொக்கியில் தங்கியிருக்கிறது. சில்லு ஒரு கல்லில் ஏறும்போது, கொக்கிக்கு அருகே இருப்பவர் சற்றே அசைவார். அச்சுக்கு மேலே இருப்பவர் அந்தக் கல்லின் முழு உயரத்துக்கும் தூக்கி எறியப்படுவார். அச்சுக்குப் பின்னால் இருப்பவர் பாடு இன்னும் மோசம். காரணம் எளிது: அந்தச் சில்லுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் ஸ்பிரிங் என்று ஒன்று கிடையாது.

ஸ்பிரிங்குக்குத் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: வில். வளைத்துக் கட்டிய எஃகுப் பட்டைகளை அடுக்கி அச்சின்மேல் வைத்தால் அது கவிழ்த்து வைத்த வில்லைப்போல் இருக்கும். அதனால்தான் வில்வண்டி, வில்லுவண்டி என்று பெயர்கள் வந்தன. இந்தியில் ஸ்பிரிங்கைக் கமானி என்கிறார்கள். கமான் என்றாலும் வில்தான். இந்தக் கட்டுரை முழுவதும் நானும் வில் என்றே எழுதப்போகிறேன்.

மொனராகலைப் பகுதியின் பழைய பெயர் வெல்லஸ்ஸ. அந்நாட்டின் போக்குவரத்து வரலாற்றில் சில்லுக்கே வெகுகாலம் இடமிருக்கவில்லை. கண்டி இராச்சியத்தின் காலத்தில் உப்பும் கருவாடும் துணியும் உள்ளே வந்ததும், பாக்கும் மிளகும் வெளியே போனதும் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களின் முதுகில்தான். அதை நடத்துவதற்கென்று மடிகே என்ற தனித் திணைக்களமே இருந்தது. ஊவாவில் இந்தத் தொழிலில் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். 1817 இல் ஆங்கிலேயர் ஹாஜி மரிக்கார் என்பவரை வெல்லஸ்ஸவின் மடிகே முகாந்திரமாக நியமித்து, அங்கிருந்த கண்டியப் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்ததுதான் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. போக்குவரத்து அதிகாரி ஒருவரின் நியமனத்திலிருந்து ஒரு பெரும் கிளர்ச்சி! அதை அடக்கிய விதத்தில் வெல்லஸ்ஸவின் வயல்களும் குளங்களும் மாடுகளும் அழிந்தன என்பது வேறு கதை.

பொதிமாட்டின் முதுகைப்போல் சிறந்த வில் வேறில்லை என்று ஒருவகையில் சொல்லலாம். நான்கு கால்களும் தனித்தனியே மடங்குகின்றன. ஒரு கல்லைக் கண்டால் அந்த ஒரு கால் மாத்திரம் உயர்கிறது, முதுகு சமமாகவே போகிறது. மோட்டார் பொறியியலாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் பெருமையோடு 'சுயாதீனத் தொங்கல்' என்று அழைத்த அமைப்பின் தத்துவம் இதுதான். ஆனால் மாட்டின் முதுகு அதிகம் சுமக்காது. கோப்பித் தோட்டங்கள் ஊவாவுக்குள் பரவியபோது, மூட்டை மூட்டையாகக் கோப்பியைக் கொழும்புக்கு இறக்கவும் அரிசியை மேலே ஏற்றவும் வண்டிப்பாதைகள் தேவைப்பட்டன. இரத்தினபுரி, ஹல்தும்முல்லை வழியாக அப்புத்தளை ஏறிப் பதுளைக்குப் போகும் பாதையில் இரட்டை மாட்டு வண்டிகள் வரிசைகட்டின. அந்த அப்புத்தளை ஏற்றத்தில் மாடுகள் பட்ட பாடு சிங்கள வண்டிக்காரர்களின் நாட்டுக் கவியில் இன்றளவும் நிலைத்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதைப் பாடுவார்கள்.

அந்தப் பார வண்டிகளுக்கு வில் கிடையாது. மரச் சில்லு, இரும்புப் பட்டம், அச்சு, அதன்மேல் நேரே பாரம். 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பொட்டுகள் காணப்பட்டு, அந்த நோயால் ஒரு தலைமுறைக்குள் கோப்பியே அழிந்து தேயிலை வந்தபோதும் வண்டிகள் மாறவில்லை. ரயில் 1893 இல் அப்புத்தளையையும் 1894 இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளையை அடைய 1924 வரை பிடித்தது.  மொனராகலை மாவட்டத்துக்கோ இன்றுவரை ரயில் கிடையாது.

வில் இல்லாமற்போனதற்குக் காரணம் அறியாமை அல்ல. லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி கட்டுபவர் 1804 இல் நீள்வட்ட வடிவ வில்லுக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். 1813 இல் அயர்லாந்துக்காரரான ரிச்சர்ட் லவல் எட்ஜ்வேர்த் வீதிகளும் வண்டிகளும் கட்டப்படும் முறை பற்றி ஒரு நூலே எழுதினார். அவருடைய வாதம்தான் இந்தக் கட்டுரைக்கு முதுகெலும்பு. வில் என்பது உள்ளே இருப்பவரின் சுகத்துக்கானது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படியல்ல, அது இழுக்கும் மிருகத்தின் பாரத்தையும் குறைக்கிறது என்றார் எட்ஜ்வேர்த்.

எப்படி? வண்டிச் சில்லு ஒரு கல்லில் ஏறுகிறது. வில் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தின் பாரம் முழுவதும், மூட்டைகளும் மனிதர்களும் சேர்த்து, கல்லின் உயரத்துக்குத் தூக்கப்பட்டாக வேண்டும். அதைத் தூக்கும் சக்தி மாட்டின் கழுத்திலிருந்துதான் வரவேண்டும். கல்லின் மறுபக்கம் பாரம் தொப்பென்று விழுகிறது. தூக்கியதற்குச் செலவான சக்தி பாதையை இடித்து, சில்லைப் பிளந்து, உள்ளிருப்பவரின் எலும்பை அசைத்து வீணாகிறது. வில் இருந்தால் சில்லும் அச்சும் மாத்திரம் மேலே எழும். வில் சுருங்கி அந்த உதையை வாங்கிக்கொள்ளும். கல்லைத் தாண்டியதும் விரிந்து, வாங்கியதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுக்கும். மேலே இருக்கும் பாரம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வில் ஓர் ஆடம்பரமன்று, சக்திச் சேமிப்புக் கருவி. 1840களில் ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் காற்றடைத்த இறப்பர் சில்லைக் கண்டுபிடித்து லண்டன் ரீஜன்ட் பூங்காவில் ஓட்டிக் காட்டியபோதும் முன்வைத்த வாதம் இதுவே: இழுப்பது இலேசாகும்.

இவ்வளவு தெரிந்திருந்தும், வில் யாருடைய வண்டிக்குப் போயிற்று என்பதுதான் சுவாரசியமான விடயம். அது மூட்டை ஏற்றும் வண்டிக்குப் போகவில்லை. அங்கேதான் சக்திச் சேமிப்பு அதிகம் தேவைப்பட்டது. பிரபுக்களின் கோச்சு வண்டிக்கும், தமிழ்நாட்டில் மிராசுதார் வீட்டு வில்வண்டிக்கும் போயிற்று. நாளடைவில் வில் ஓர் அந்தஸ்துச் சின்னமாகவே ஆகிவிட்டது.

எவ்வளவு தூரம் என்றால், 1893 இல் திருவிதாங்கூரில் அதற்காகவே ஒரு போராட்டம் நடந்தது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யங்காளி, புலையர் சமூகத்தவர். அவருடைய மக்கள் பொது வீதியில் நடப்பதற்கே தடை இருந்த காலம். அவர் ஒரு வில்லுவண்டியை வாங்கினார். வெள்ளைக் காளைகளைப் பூட்டி, மணி கட்டி, தலைப்பாகையுடன் அந்த வீதியில் ஓட்டிக்கொண்டு போனார். வழிமறித்தவர்களுக்கு முன்னால் வண்டி நிற்கவில்லை. கேரள வரலாற்றில் அதற்கு 'வில்லுவண்டி யாத்திரை' என்றே பெயர். அவர் சாதாரணக் கட்டைவண்டியில் போயிருக்கலாமே என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. கட்டைவண்டி கூலிக்கு ஓட்டும் வண்டி. அதை ஓட்டுபவர் வேறொருவருடைய மூட்டையைக் கொண்டுபோகிறார் என்று பொருள். வில்லுவண்டியில் போகிறவர் தன் உடம்பைக் கொண்டுபோகிறார். அந்த உடம்பு குலுங்கக்கூடாது என்று தானே தீர்மானித்திருக்கிறார். எதிரிகளைச் சினங்கொள்ள வைத்தது அதுவாகத்தான் இருந்திருக்கவேண்டும்.

அய்யங்காளியின் வண்டி ஓடிய அதே ஆண்டில்தான் ரயில் அப்புத்தளைக்கு வந்தது. அதற்கு முந்திய தலைமுறைகளில் மலைநாட்டுக்கு வந்த நம்மவர்கள் எந்த வண்டியிலும் வரவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் அங்கிருந்து மலைக்கும் நடந்தார்கள். வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. 2023 இல், மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி நடந்தபோது, அதில் கலந்துகொண்ட நண்பர் ஒருவர் சொன்னார்: "கால் கொப்பளித்தபோதுதான் பாட்டன் முகம் தெரிந்தது."

தோட்டத்துக்குள் வந்தபின் மூன்று விதமான போக்குவரத்துகள் இருந்தன. துரைக்குக் குதிரை, பின்னர் மோட்டார் கார். கொழுந்துக்கும் உரத்துக்கும் வண்டி, பின்னர் லொறி. மனிதர்களுக்குக் கால். மனிதர்களைத் தவிர்க்கமுடியாமல் ஏற்ற நேர்ந்தால், உர லொறியிலேயே ஏற்றினார்கள். லொறிக்கு வில் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் ஐந்து தொன் பாரத்துக்குக் கட்டிய பட்டைகள் அவை. பத்துப் பேர் ஏறினால் அவற்றுக்கு யாரோ ஏறியிருப்பதே தெரியாது, பட்டை வளையாது, இரும்புக் கட்டையைப்போலவே உதைக்கும். வெறும் லொறி பாரம் ஏற்றிய லொறியைவிடத் தூக்கிப் போடுவதன் இரகசியம் இதுதான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் தங்கை அப்படியொரு லொறியில் பிறந்தவள். 1970களின் நடுப்பகுதி; பதுளை மாவட்டத்தின் ஒரு தோட்டம். அம்மாவுக்கு இரவில் வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக லொறி வந்தபோது விடிந்துவிட்டது. பின்பக்கத்தில் சாக்குகளைப் பரப்பி அம்மாவைப் படுக்கவைத்தார்கள். பாட்டியும் மருத்துவச்சியும் ஏறினார்கள். சிறுவனான நான் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில். ஆறாவது மைலுக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். வீட்டில் அவளை நெடுங்காலம் 'லொறிக்காரி' என்றே கூப்பிட்டோம். இன்று அவள் ஓர் ஆசிரியை. இந்தப் பெயரை இங்கே எழுதியதற்கு என்னோடு சண்டைக்கு வருவாள். சிரித்துக்கொண்டுதான் வருவாள். அதே லொறியில், அதே சாக்குகளின்மேல் போய், சிரிக்க வாய்ப்பில்லாமல் திரும்பிய குடும்பங்களையும் எங்கள் லயத்திலேயே எனக்குத் தெரியும்.

நிற்க. ஏழை விவசாயிக்கென்று, அவன் உடம்பையும் அவன் எரிபொருட் செலவையும் ஒன்றாக எண்ணிப்பார்த்து ஒரு வண்டியை யாரேனும் வரைந்ததுண்டா? உண்டு. அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பொறாமையைச் சொல்லி முடியாது.

1930களில் பிரான்ஸின் சித்ரோயன் மோட்டார் கொம்பனிக்குத் தலைவராக இருந்தவர் பியேர் பூலான்ஜே. குதிரை வண்டியில் சந்தைக்குப் போகும் கிராமத்தவருக்கு ஒரு கார் வேண்டும் என்று தன் பொறியியலாளர்களுக்கு அவர் கொடுத்த கட்டளை இப்போது புகழ்பெற்றுவிட்டது. நான்கு பேரையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றவேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடவேண்டும். 100 கிலோமீற்றருக்கு 3 லீற்றர் பெற்றோலுக்கு மேல் குடிக்கக்கூடாது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினால் ஒரு முட்டையும் உடையக்கூடாது!

போர் குறுக்கிட்டதால், அந்தக் கார் 1948 இல்தான் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்தது. அதன் பெயர் 2 சிவி. எஞ்சின் வெறும் 375 கனசென்ரிமீற்றர், 9 குதிரை வலு. பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்களாம், எங்கள் தொழில் அப்படிப்பட்டது. சிரித்தவர்கள் காரின் அடியில் குனிந்து பார்க்கவில்லை. முன்சில்லுகள் முன்னோக்கி நீண்ட கரங்களிலும் பின்சில்லுகள் பின்னோக்கி நீண்ட கரங்களிலும் பொருத்தப்பட்டிருந்தன. நான்கும் சுயாதீனமாக அசைந்தன, பொதிமாட்டின் கால்களைப்போல. சுருள் வில்கள் நிமிர்ந்து நிற்கவில்லை. காரின் இரு பக்கங்களிலும் படுக்கையாக, உருளைகளுக்குள் கிடந்தன. முன்கரமும் பின்கரமும் கம்பிகளால் அதே உருளையோடு இணைக்கப்பட்டிருந்தன. முன்சில்லு ஒரு மேட்டில் ஏறும்போதே அதன் செய்தி பின்சில்லுக்குப் போய்விடும். கார் தலையாட்டாமல் கடக்கும்.

இதற்கும் 3 லீற்றர் கணக்குக்கும் என்ன தொடர்பு? 9 குதிரை வலுவில் ஒரு குதிரையைக்கூட வீணாக்க முடியாது. மேட்டிலும் பள்ளத்திலும் காரைத் தூக்கித் தூக்கிப் போடுவதில் அந்த வலு கரைந்தால் ஓடுவதற்கு மிச்சமிருக்காது. ஒவ்வொரு குழிக்கும் வேகத்தைக் குறைத்து மறுபடி கூட்டுவதுபோல் பெற்றோலைக் குடிக்கும் வேலையும் வேறில்லை. மலைநாட்டில் கார் ஓட்டிய எவருக்கும் இது தெரியும். நல்ல வில்லுள்ள கார் குழிக்காக நிற்பதில்லை. ஆக முட்டைக் கணக்கும் பெற்றோல் கணக்கும் ஒரே கணக்கு.

இதையொத்த இன்னொரு கதையில் எங்கள் ஊர் மரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1956 இல் சுயஸ் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீடு வந்தது. சிக்கனமான சிறு கார் ஒன்று வேண்டும் என்ற அவசரத்தில் அலெக் இஸிகோனிஸ் வரைந்த மினி கார் 1959 இல் வெளிவந்தது. அதன் பின்சில்லுகளுக்கு இடத்தை அடைக்கும் இரும்பு வில்களை வைக்காமல், அலெக்ஸ் மோல்ட்டன் என்ற பொறியியலாளர் இறப்பர் கூம்புகளை வைத்தார். மோல்ட்டனின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இறப்பர்த் தொழிற்சாலை நடத்தியவர்கள். 1876 இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குப் போன விதைகளில் முளைத்த கன்றுகள் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டதுதான் இலங்கை இறப்பரின் பிறப்பு. அது களுத்துறை, கேகாலை என்று பரவி மொனராகலைக்கும் வந்தது. 2007 முதல் அங்கே சிறு நிலக்காரர்களும் வெளிநாட்டு உதவித் திட்டமொன்றின் கீழ் பெருமளவில் இறப்பர் நட்டார்கள். விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகும் பெண்ணின் வாளியில் சேரும் வெள்ளைப் பாலுக்கு, உதையை வாங்கிக்கொள்ளும் அந்தக் குணம் இயல்பிலேயே இருக்கிறது. அவளைத் திரும்ப லயத்துக்கு ஏற்றிவரும் பெட்டியின் அடியில்தான் ஒரு துண்டு இறப்பரும் இல்லை.

இந்தியாவில் இந்த அநியாயத்தை மாட்டின் பக்கத்திலிருந்து பேசிய ஒருவர் இருந்தார். பெங்களூர் இந்திய முகாமைத்துவ நிறுவகத்தின் முதல் பணிப்பாளர் என். எஸ். ராமசுவாமி. முகாமைத்துவப் பேராசிரியர்கள் கணினி, பங்குச் சந்தை என்று போய்க்கொண்டிருந்த 1970களிலும் 80களிலும் அவர் மாட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டார். கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடும் நாட்டில், அந்த வண்டியைத் திருத்துவது ஒரு பெரிய மின் நிலையம் கட்டுவதற்குச் சமம் என்பது அவர் கட்சி. நுகத்தடி கழுத்தைப் புண்ணாக்குகிறது, அச்சு உராய்கிறது, இரும்புப் பட்டம் வீதியை அறுக்கிறது. இவற்றைச் சரிசெய்தால் மாட்டின் உழைப்பு மிச்சமாகும் என்று கூட்டம் கூட்டமாகப் போய்ச் சொன்னார். அவரைச் சிலர் கேலிசெய்தார்கள். கேலியை விடப் பெரிய தடை ஒன்று இருந்தது: மிச்சமாவது மாட்டின் சக்தி, செலவு வண்டி வைத்திருப்பவரின் காசு. மாடு கணக்குக் கேட்பதில்லை.

மொனராகலைத் தோட்டத்து ட்ரக்டர் பெட்டிக்கும் இதே கணக்குத்தான் பொருந்துகிறது. பெட்டியைச் செய்பவர்களிடம் கேட்டால் நேர்மையான பதில்தான் வரும். அது மண்ணும் எருவும் கரும்பும் ஏற்றுவதற்கு. வேகம் குறைவு, பெரிய டயரில் உள்ள காற்றே கொஞ்சம் வில்லாக வேலை செய்யும், வில் வைத்தால் விலை ஏறும், சாய்ந்து கொட்டும்போது ஆட்டம் காணும். மறுக்க முடியாத காரணங்கள். புத்தளப் பக்கத்தில் பெல்வத்தைச் சீனித் தொழிற்சாலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போகும் பெட்டிகளைப் பார்த்தவர்கள், கரும்புக்கு முதுகெலும்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள். பெட்டியை வரைந்தவன்மேல் எனக்குக் குறையில்லை. அதில் மனிதரை ஏற்றலாம் என்று தீர்மானித்தவர் அவனல்ல.

மலையகத்துக்கு உண்மையில் வில்லைக் கொண்டுவந்தது தோட்ட நிர்வாகமுமல்ல, அரசுமல்ல, தொழிற்சங்கமுமல்ல, முச்சக்கரவண்டி. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் போருக்குப் பின் 1948 இல் வெளியிட்ட 'ஆப்பே' என்ற மூன்றுசில்லு வண்டி இதன் மூதாதை. ஆப்பே என்றால் தேனீ. அதை வரைந்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியியலாளர். 1960களில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் அனுமதியோடு இந்தியாவில் அதைச் செய்யத் தொடங்கியது. பின்னர் இலங்கையின் சந்து பொந்தெல்லாம் அதுவே நிறைந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை இந்நாட்டில் பதிவாகியுள்ளன.

பலரும் இதை ஒரு பொம்மை வண்டி என்று எண்ணுகிறார்கள். ஒருமுறை பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரு பின்சில்லுகளையும் இணைக்கும் இரும்பு அச்சு இல்லை. ஒவ்வொரு சில்லும் தனிக் கரத்தில், தனிச் சுருள் வில்லோடு, தனி அதிர்வுதாங்கியோடு இருக்கிறது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சில்லோடு சேர்ந்து குதிப்பதில்லை. சட்டகத்தில் உட்கார்ந்துகொண்டு, இரு சிறு தண்டுகளால் சில்லைச் சுழற்றுகின்றன. வில்லுக்குக் கீழே இருக்கும் எடை எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு உதை குறையும், சக்தி மிச்சமாகும் என்பது பொறியியலாளர்களின் விதி. 1890களில் பிரான்ஸில் தெ தியோன் நிறுவனத்தார் மோட்டாரின் பற்சக்கரப் பெட்டியை அச்சிலிருந்து பிரித்துச் சட்டகத்தில் தொங்கவிட்டதும் இதற்காகத்தான். பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கும் வளைவுகளில் தேங்காய்ச் சாக்கோடும் மூன்று பயணிகளோடும் உருளும் ஓட்டோ, அவ்வளவு பெரிய பாரம்பரியத்தின் வாரிசு. ஒரு தோட்டத்துப் பெண் கைக்குழந்தையோடு, வில்லுக்கு மேலே, மெத்தை ஆசனத்தில், தன் காசில் அமர்ந்து போனது முதன்முதலில் அதில்தான். அந்த வகையில் அது எங்கள் வில்லுவண்டி.

2022 இல் பெற்றோல் தீர்ந்தபோது இந்த வில்லுவண்டிகள் வரிசையில் நின்றன. கியூஆர் அட்டைக்கு வாரம் 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். மலைப்பாதையில் 5 லீற்றர் எத்தனை நாளைக்குக் காணும்? அந்த அனுபவத்துக்குப் பின்னர்தான் பழைய ஓட்டோக்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின் மோட்டார் பொருத்தும் முயற்சிகள் இந்நாட்டில் வேகம் பெற்றன. நல்ல காரியம். ஆனால் இங்கும் பின்சில்லைக் கவனிக்கவேண்டும். மின்கலம் பாரமானது, அதை ஆசனத்துக்கு அடியில் வைத்தால் அந்தச் சிறு வில்களே சுமக்கவேண்டும். விலை குறைப்பதற்காக மோட்டாரைச் சில்லின் குடத்துக்குள்ளேயே வைக்கும் முறையும் உலகில் உண்டு. 1900 ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியிலேயே பெர்டினாண்ட் போர்ஷே அப்படியொரு மின் காரைக் காட்டினார். வசதியான முறைதான். ஆனால் மோட்டாரின் எடை வில்லுக்குக் கீழே போய்விடுகிறது. கொழும்பு வீதியில் அது தெரியாது. தோட்டப் பாதையில் தெரியும்.

வில் வாங்கிக்கொள்ளும் உதையில் ஒரு பகுதியை அதிர்வுதாங்கி வெப்பமாக்கிக் காற்றில் விடுகிறது. அதையும் மின்சாரமாகப் பிடிக்க முடியுமா என்று மேலைநாட்டு ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 2013 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நல்ல வீதியிலும் சராசரி வீதியிலும் மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் நடுத்தரக் கார் ஒன்றின் அதிர்வுதாங்கிகளில் 100 முதல் 400 வாட் வரை கிடைக்கக்கூடும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தோட்டப் பாதைகளில் பொருத்தினால் ஒரு லயத்துக்கே விளக்கெரிக்கலாம்!

அன்று மழை விட்டபின் பிரதான வீதியில் இறங்கி ஓர் ஓட்டோவைப் பிடித்தேன். சாரதி அதே தோட்டத்தில் பிறந்த இளைஞர். பின்சில்லுகளைப் பற்றி நான் கேட்கவும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. போன மாதம்தான் இரண்டு பக்கத்து அதிர்வுதாங்கிகளையும் மாற்றினாராம். கரத்தின் இறப்பர்ப் புஷ்களையும் புதிதாகப் போட்டாராம். அந்தப் பாதையில் அவை எட்டு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை என்றார். ஒரிஜினல் சாமானா, போலியா என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் கெடைக்கிறத போடுவேன் சேர். இது மட்டும் ஒரிஜினல். கிளினிக்குக்குப் போற புள்ளைங்கள ஏத்துறேன்ல."

கைபேசியை எடுத்து ஒரு சிறு பட்டியலைக் காட்டினார். ஏழெட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு திகதி. அந்தத் திகதிகளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்கு இரவில் வண்டியைக் கராஜில் விடுவதில்லையாம். குடையோடு நடந்துபோன அந்தப் பெண்ணின் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, அவள் எப்படியிருந்தாள், எந்த லயத்துப் பக்கம் போனாள் என்று விசாரித்தார். பிறகு என்னை வெல்லவாய பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.